படகினுள் கம்பியும் குழாயும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், விடியற்காலை நான்கு மணி. நார்வே நாட்டின் பெர்கன் நகருக்கு அருகே, கரையை ஒட்டிய குறுகிய கடற்பகுதியில் ‘ஹெல்கே இங்ஸ்டாட்’ என்னும் போர்க்கப்பல், ‘சோலா டி.எஸ்.’ என்னும் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. போர்க்கப்பலின் வலப்பக்கம் நீளக் கிழிந்தது.

கப்பலின் உட்புறம் குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்ற அறைகள் கப்பலை மிதக்க வைக்கும் என்பதே இதன் நோக்கம். ஆனால் இந்தக் கப்பலில் நடந்தது வேறு. மின்னாக்கி அறையில் புகுந்த நீர், உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டின் உட்புறம் வெற்றிடமாக இருந்ததால், அதனூடே பற்சக்கர அறைக்குப் பாய்ந்தது. அங்கிருந்து, தண்டுகள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில் உள்ள அடைப்புகளின் வழியே எஞ்சின் அறைகளுக்கும் பரவியது. விபத்தை ஆராய்ந்த குழு இவ்வாறு கண்டறிந்தது. கப்பலில் இருந்த 137 பேரும் உயிர் தப்பினர். கப்பலோ கரையோரத்தில் சரிந்து, சில நாட்களில் பெரும்பகுதி மூழ்கிப்போயிற்று.

சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன? அதைத் துளைத்துச் செல்லும் பொருளைச் சுற்றி அடைப்பு சரியில்லை என்றால் சுவர் இருந்தும் இல்லாததுதான். பெரிய கப்பலுக்கு உள்ள இந்தச் சிக்கல் சிறிய விசைப்படகுக்கும் உண்டு. பாட்டரியிலிருந்து விளக்குகளுக்கும் பம்புக்கும் செல்லும் மின்கம்பிகள், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் கொண்டுவரும் இரப்பர்க் குழாய், டீசல் குழாய் என்று படகின் உட்புறம் முழுவதும் பின்னிக் கிடக்கிறது. இவை எதைக் கொண்டு செல்கின்றன என்பதைப் போலவே, எந்த வழியாகச் செல்கின்றன என்பதும் முக்கியம்.

முதலில் குழாயைப் பார்ப்போம். குளிர்நீர்க் குழாய் படகின் அடிப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளையில் தொடங்குகிறது. அந்த இணைப்பு கழன்றுவிட்டால் நீர் எவ்வளவு வேகமாக உள்ளே வரும்? 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி இதற்கு விடை தந்தார். நீர்மட்டத்திலிருந்து துளை வரை தடையின்றி விழும் பொருள் பெறும் வேகமே, துளையில் பாயும் நீரின் வேகமும் ஆகும். துளை 60 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 3.4 மீட்டர். துளையின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நீர்த்தாரை துளையைவிடக் குறுகி வருவதையும் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் உள்ளே வரும். இதே வேகம் நீடித்தால் அரை மணியில் நாலரை டன்! எனவேதான் அந்தத் துளையில் மூடக்கூடிய வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள்; குழாயின் முனையை ஒரு கிளிப்புக்கு இரண்டாகத் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளால் இறுக்குகிறார்கள்.

இதைவிடப் பொல்லாதது சைபன் என்பது என் கருத்து. ஏனெனில் எதுவும் உடையாமல், எதுவும் கழலாமல் அது படகைக் கெடுக்கும். பல படகுகளில், எஞ்சினைச் சுற்றிவந்த கடல்நீர் புகைபோக்கிக் குழாயினுள் விடப்படுகிறது. அந்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், எஞ்சினை நிறுத்திய பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. பம்பின் இதழ்கள் தேய்ந்திருந்தால், கடல்நீர் தானாகவே குழாயில் கசிந்து வந்து, புகைபோக்கியை நிரப்பி, சிலிண்டருக்குள்ளும் ஏறிவிடும். நீரைக் காற்றைப்போல் அமுக்க முடியாதல்லவா? மறுநாள் எஞ்சினை இயக்கியதும் பிஸ்டனின் இணைப்புத் தண்டே வளைந்துபோகலாம்.

குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோனால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நீர் நிரம்பிய குழாய் மேட்டைத் தாண்டியும் நீரை இழுக்கும். சைபனின் இயல்பே அதுதான். ஆகவே வளைவின் உச்சியில் சிறு காற்று வால்வு ஒன்று வைக்கிறார்கள். எஞ்சின் நின்றதும் அதன் வழியே காற்று புகுந்து நீர்த்தொடரை அறுத்துவிடும். படகு ஒருபுறம் சாயும்போது அந்தப் பக்கத்தில் நீர்மட்டம் உயரும் என்பதால், வளைவு தாராளமான உயரத்தில் இருக்க வேண்டும்.

இனி மின்கம்பி. இதன் பெரும் பகைவன் உராய்வு. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது என்றால் மணிக்கு 90,000 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியின் அதிர்விலும் கம்பி ஒருமுறை பலகைத் துளையின் விளிம்பில் தேய்ந்தால், பத்து மணி நேரத்தில் ஒன்பது லட்சம் தேய்ப்பு! மேலுறை கிழிந்து, செம்பு எஞ்சினின் உலோகத்தைத் தொட்டால், பாட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து கம்பி பழுக்கக் காயும். படகுத் தீக்கு இது போதும். எனவே துளைகளில் இரப்பர் வளையம் இடுகிறார்கள். குழலுக்குள் செல்லாத கம்பியை ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கு ஒருமுறையேனும் கட்டி நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கப் படகு மன்றத்தின் தரவிதி. பியூஸைப் பாட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லை.

வீடுகளில் பயன்படும் ஒற்றைத் தடிக் கம்பி படகுக்கு ஆகாது. அதிர்வில் மீண்டும் மீண்டும் வளைந்து அது ஒடிந்துவிடும். மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிய கம்பியே ஏற்றது. ஆனால் அதிலும் ஒரு தொல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளின் இடுக்குகளில் உப்புநீர் உள்ளே ஏறும். வெளியுறை பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்து அரித்திருக்கும். ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயப் பூச்சு கொடுப்பது இதனால்தான்.

இணைப்புப் பெட்டிக்குக் கம்பி நுழையும் இடத்திலும் ஒரு சிறு சூழ்ச்சி உண்டு. கம்பியை நேரே மேலிருந்து இறக்கமாட்டார்கள். பெட்டிக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலே ஏற்றி நுழைப்பார்கள். கம்பி வழியே வழிந்து வரும் நீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். செலவே இல்லாத பாதுகாப்பு! தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி நுழையும் குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்திருப்பதும், அதற்கு முன் கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இன்று மாலை உங்கள் தெருவில் நிமிர்ந்து பாருங்கள்.