மருந்து இருந்தால்தானே வெடிக்கும்?

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஃபிரண்ட்ஷிப் என்றொரு சிற்றூர். 1933இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கம் ஒன்றின் சுடுகளம் அங்கே இருக்கிறது. போட்டி நாட்களில் வெண்புகை மண்டும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். தோட்டாவெல்லாம் வருவதற்கு முந்தைய, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளைச் சுட்டு மகிழ்பவர்கள் கூடும் இடம் அது.

அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. மருந்தை அளந்து கொட்ட வேண்டும். ஈரப்பசையுள்ள துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ள வேண்டும். வெளியே உள்ள சிறு கிண்ணியில் நைசான மருந்தை இட்டு, விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். பறக்கும் பொறி கல்லிலிருந்து வருவதல்ல. கல் சீவியெடுத்த எஃகுத் துணுக்குகள்தான் காற்றில் எரிகின்றன. மருந்துக் குடுவையை நேராகக் குழலில் கவிழ்ப்பது மட்டும் ஆகாது. முந்தைய வெடியின் கங்கு உள்ளே மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும்.

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. பொட்டாசியம் உப்புகளாகவே நிற்கிறது. புகை அவ்வளவு அடர்த்தியாக எழுவது அதனால்தான். குழலில் படியும் பிசுக்கு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். ஆனால் அது நீரில் கரையும். ஆகவே சுட்டு முடித்தவர்கள் துப்பாக்கியை வெந்நீரால் கழுவுகிறார்கள், ஏதோ பால் பாத்திரம் போல! இவ்வளவு நிதானமான ஆட்டத்துக்கும் நேரக்கணக்கு உண்டு: சர்வதேசப் போட்டியில் 30 நிமிடத்துக்குள் 13 குண்டுகள். சிறந்த 10 மட்டுமே கணக்கு.

துப்பாக்கியைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். மருந்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் கருமருந்தை வணிகரீதியாகத் தயாரித்துவந்த ஒரே ஆலை லூசியானாவின் மிண்டனில் இருந்தது. 2021 செப்டம்பரில் அதை மூடப்போவதாக உரிமையாளர்கள் அறிவித்தார்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை பற்றிக்கொள்ளக் கூடுதல் வெப்பம் வேண்டும். கல் தெறிக்கும் சிறு பொறி பல நேரம் போதாது. ஐரோப்பாவிலிருந்து மருந்து வந்தாலும், உள்நாட்டு ஆலை போனது பெரிய அடிதான்.

காப்பாற்றியது யார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் பறக்கவிடும் மாதிரி ராக்கெட்டுகளைச் செய்யும் எஸ்டெஸ் நிறுவனம். அந்த ராக்கெட்டுகளின் இயந்திரத்தில் அடைத்திருப்பதும் இதே கருமருந்துதான். 2022இல் ஆலையை வாங்கி உற்பத்தியை மீண்டும் தொடங்க முன்வந்தார்கள். பழம்பெருமை பேசிய யாரையும்விட, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்தான் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது என்பேன்.

கல்லின் கதை வேறு. நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் படைக்குச் சக்கிமுக்கிக் கல் உடைத்துக் கொடுத்த ஊர் இங்கிலாந்தின் பிராண்டன். கல்தூசியைச் சுவாசித்தே நுரையீரல் கெட்டு மாண்ட தொழிலாளர்கள் அங்கே ஏராளம். அந்த ஊர்க் கல் கறுப்பு; எதிரணியான பிரெஞ்சுக்காரர்களின் கல் தேன் நிறம். இரண்டில் எது நன்றாகப் பொறி தரும் என்ற சண்டையைச் சுடுகளத்துக்காரர்கள் இன்னும் விட்டபாடில்லை.