ஒரே மருந்து, ஒரே டோஸ்... ஒருத்தருக்கு கம்மி, இன்னொருத்தருக்கு ஓவர்! ஐ.சி.யூ-வில் ரத்தத்தில் ஆன்டிபயாடிக்கை அளப்பது ஏன்?

1941, பிப்ரவரி. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரர் மோசமான கிருமித்தொற்றோடு படுத்திருந்தார். ஆய்வகத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த பென்சிலினை அவருக்கு ஏற்றினார்கள். ஒரே நாளில் நல்ல முன்னேற்றம். ஆனா, கையிருப்பு ரொம்பக் கம்மி. டாக்டர்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து, மறுபடியும் அவருக்கே ஏற்றினார்கள். ஐந்தே நாளில் அதுவும் தீர்ந்துபோனது. தொற்று திரும்பவும் தலைதூக்க, மார்ச் 15-ம் தேதி அவர் இறந்துபோனார்.

கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனா, ஏற்றுகிற மருந்து எவ்வளவு சீக்கிரம் கிட்னி வழியா வெளியே ஓடிடுதுன்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது. சிக்கலே இங்கேதான். எல்லோருடைய கிட்னியும் ஒரே வேகத்தில் வேலை செய்றதில்லையே!

பைக் விபத்தில் அடிபட்டு ஐ.சி.யூ-வில் இருக்கும் 25 வயது இளைஞரை எடுத்துக்கங்க. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, அடிபட்ட அதிர்ச்சியில் கிட்னி வழக்கத்தைவிட வேகமாக மருந்தை வெளியேற்றும். வழக்கமான டோஸ் அவருக்குப் பத்தாது. பக்கத்து பெட்டில் சர்க்கரை நோயால் கிட்னி பழுதான 70 வயது பாட்டி. அதே டோஸ் அவருடைய ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி விஷமாகலாம். இதில் டயாலிசிஸ், பாட்டில் பாட்டிலாக ஏற்றும் டிரிப்ஸ் எல்லாம் சேர்ந்தால் கணக்கு இன்னும் குழம்பும். தண்ணி ஊத்தின சாம்பார் மாதிரி மருந்து நீர்த்துப்போயிடும்.

இது வெறும் தியரி இல்லை. 10 நாடுகள், 68 மருத்துவமனைகளின் ஐ.சி.யூ நோயாளிகளிடம் பென்சிலின் வகை மருந்துகளை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. தொற்றுக்காக மருந்து எடுத்தவர்களில் 16 சதவிகிதம் பேருக்கு, இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுகூட ரத்தத்தில் இல்லை.

அதுக்காக எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் டெஸ்ட் தேவையா என்றால், இல்லை. தொண்டை வலிக்கு டாக்டர் எழுதித் தரும் அமாக்சிசிலினுக்கு இதெல்லாம் வேண்டாம். வழக்கமாக அளப்பது வான்கோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவற்றை. இவற்றில் கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நோயாளியைப் பாதிக்கும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறுகல். மூன்றுமே கிட்னியைப் பாதிக்கலாம். அது பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் மெல்ல மீண்டுவிடும். ஆனா ஜென்டாமைசினும் அமிகாசினும் உள்காதில் உள்ள நுண்ணிய செல்களை அழித்தால், போன கேட்கும் திறன் திரும்பாது.

எதை அளக்கணும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். மழையை வெச்சு சொல்றேன். ஜென்டாமைசினுக்கு ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிற மழை வேணும். அப்புறம் வானம் நல்லா வெளுத்துடணும். பென்சிலின் வகைக்கு விடாத தூறல். வான்கோமைசினுக்கு மழைமானியில் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் பதிவானது என்பதுதான் கணக்கு. முன்பு அடுத்த டோஸுக்கு சற்று முன் ரத்தம் எடுத்து, கடுமையான தொற்று என்றால் லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அந்த இலக்கைத் துரத்தியதில் கிட்னிகள் அடிவாங்கின. அதனால் 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், 24 மணி நேரத்தில் உடம்பு சந்திக்கும் மொத்த மருந்தைக் கணக்கிடச் சொன்னது.

இதில் மெஷினைவிட முக்கியம் கடிகாரம். மருந்து எப்போது ஏற ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, ரத்தம் எப்போது எடுத்தார்கள்... இதில் ஒன்று தப்பாகப் பதிவானாலும் லேப் தரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மருந்து ஏறும் அதே டியூப் வழியாக ரத்தம் எடுத்தாலும் ரிசல்ட் பொய்யாக எகிறும்.

‘அப்போ பென்சிலின் வகையையும் எல்லோருக்கும் அளந்துடலாமே’ என்று தோணும். அதில் இன்னும் இழுபறிதான். ஜெர்மனியில் 249 பேரிடம் பிப்பராசிலின் டோஸை தினமும் ரத்தத்தில் அளந்து மாற்றிப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவில், சரியான அளவை எட்டியவர்கள் கூடினார்களே தவிர, உறுப்புகளின் நிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த டெஸ்ட் வசதி இல்லாத மருத்துவமனைகளும் நிறைய. ரிசல்ட் வருவதற்குள் நோயாளியின் நிலையே மாறிடுது.

உங்க வீட்டு ஆளுக்கு இந்த மருந்துகள் ஏறுதா? காதில் ‘ங்ங்’ என்று சத்தம், தலைச்சுற்றல், சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்க. வான்கோமைசின் ஏறும்போதே முகம், கழுத்து சிவந்து அரித்தாலும் சொல்லணும். அது பெரும்பாலும் அளவுப் பிரச்னை இல்லை, வேகப் பிரச்னை. ஒரு கிராம் ஏற குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகணும். டிரிப்ஸ் லேட்டாகுதேன்னு நீங்களே அந்தச் சக்கரத்தைத் திருகி வேகத்தைக் கூட்டிடாதீங்க!