அறுந்தாலும் அறாத வளையம்

ஒரு மாலை, விளையாட்டு மைதானத்தில் நாங்கள் பத்துப் பேர் வட்டமாக நின்று ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒருபக்கத்துத் தோழி காதில் சொல்வதை மறுபக்கத்துத் தோழியிடம் சொல்லிவிட வேண்டும்; இதுவே விதி. ஒருத்தி தொடங்கினாள். செய்தி சுற்றி வந்து அவளையே அடைந்தது. விதிப்படி அவளும் அதை மறுபடி அனுப்பினாள். இன்னும் இரண்டு செய்திகள் சேர்ந்ததும் ஒரே கூச்சல்! எதுவும் விளங்கவில்லை.

தொழிற்சாலைகளிலும் இதே தொல்லை உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இன்றைய ஆலைகளில் மோட்டார்களும் வால்வுகளும் கணினிகளோடு ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைச் சுமப்பது ஈதர்நெட் என்னும் வலையமைப்பு. 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இது, பின்னர் ஆலைகளுக்குள்ளும் புகுந்தது. செய்திகளை வாங்கி உரிய வழியில் அனுப்பும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். விளக்கேற்றும் சுவிட்ச் வேறு, இது வேறு.

சுவிட்சுகளை ஒரே வரிசையாக இணைத்தால், நடுவே ஒரு கம்பி அறுந்தாலும் அப்பாலுள்ள இயந்திரங்கள் ஊமையாகிவிடும். ஆகவே கடைசி சுவிட்சை முதல் சுவிட்சோடு இணைத்து வளையமாக்குகிறார்கள். ஒருபக்கம் அறுந்தால் மறுபக்கம் வழி உண்டு. ஆனால் எல்லோருக்குமான செய்தி வளையத்தில் முடிவின்றிச் சுற்றும். சில நொடிகளில் வலையமைப்பே திணறிப்போகும்.

இதற்கு 1985-இல் பொது விடை கண்டவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. உபரிப் பாதைகளைச் சுவிட்சுகளே கண்டறிந்து மூடிவைக்கும் முறை அது. ஆனால் அறுந்தபின் புதுப்பாதை திறக்க, அம்முறையின் பழைய வடிவத்தில் 30 முதல் 50 நொடிகள் ஆகலாம். ஓடும் இயந்திரம் அதுவரை காத்திருக்குமா?

எனவே வளையத்துக்கென்றே தனி முறைகள் தோன்றின. அவற்றுள் ஒன்று எம்.ஆர்.பி. இதில் ஒரு சுவிட்ச் தலைவியாகிறது. தன் இரு வாசல்களில் ஒன்றைச் சாதாரணச் செய்திகளுக்கு மூடிவைத்து, இருபுறமும் சோதனைச் செய்திகளை அனுப்புகிறது. அவை சுற்றித் திரும்பி வந்தால் வளையம் நலம். வராவிட்டால் மூடிய வாசலை உடனே திறக்கிறது. 50 சுவிட்சுகள் உள்ள வளையமும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மீண்டுவிடும்படி இதை அமைக்கலாம்.

நாங்களும் ஒருத்தியைத் தலைவியாக்கி, அவளை ஒரு காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னோம். அந்தப் பக்கம் அவள் பேசவும் கூடாது. கூச்சல் அடங்கியது!

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஒரு கம்பி அறுந்த பின்னும் ஆலை வழக்கம்போல் ஓடும். யாருக்கும் குறை தெரியாது. ஆனால் வளையம் இப்போது வெறும் வரிசையே. இன்னொரு கம்பி அறுந்தால் வலையமைப்பு இரண்டுபடும். தலைவி எழுப்பும் அபாய அறிவிப்பைக் கண்டதும் பழுதைச் சரிசெய்ய வேண்டும். இரு பாதைக் கம்பிகளையும் ஒரே பள்ளத்தில் புதைக்கவும் கூடாது. ஒரு மண்வெட்டி இரண்டையும் வெட்டிவிடுமே!

மாற்று வழி இருக்கிறதென்று முதல் வழியை மறந்தால், மாற்று வழி இல்லாதவராகவே நாம் நிற்போம்.