புது சீலும் ஏன் ஒழுகுகிறது?

அம்பாசிடர் நின்ற இடத்தில் கறுப்பாக எண்ணெய் சொட்டியிருந்தால் ‘ஆயில் சீல் போச்சு’ என்று உடனே ஸ்பானரை எடுக்கக் கூடாது. இன்ஜினைத் துடைத்து, கொஞ்ச நேரம் ஓட்டி, எண்ணெய் எங்கே துளிர்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான கார் இது. பல ஆண்டுகள் அதில் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். அதன் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது! ஷாஃப்டிலேயே மரைபோல் ஒரு வரி வெட்டியிருக்கும். சுழலும்போது அந்த வரி, வெளியேறப் பார்க்கும் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். இன்ஜின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். எனவே பின்பக்கம் ஒன்றிரண்டு சொட்டு விழுவது பிறவிக்குணம். நிறைய வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாற்றக்கூடிய சீல் முன்னால், டைமிங் கவரில் இருக்கிறது. ரப்பர் சீலின் உதட்டை மெல்லிய சுருள்கம்பி வளையம் ஒன்று உள்நோக்கி இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அந்த உதடு உலோகத்தில் நேரடியாக உரசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நூலிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. அது இல்லாவிட்டால் உதடு சூடேறிக் கருகிவிடும். அதனால்தான் புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவாமல் மாட்டவே கூடாது.

ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் எடுத்துவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றும் பெரிய நட்டின் லாக் வாஷரை நிமிர்த்திக் கழற்றினால் புல்லி கைக்கு வரும். அதன் கழுத்தில், சீல் உட்காரும் இடத்தை, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் பழைய சீல் அங்கே பள்ளம் போட்டுவிட்டது என்று அர்த்தம். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். கழுத்துக்கு மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது புல்லியையே மாற்ற வேண்டும்.

சுருள்கம்பி தெரியும் பக்கம் இன்ஜினைப் பார்க்க, சீலைக் கோணாமல், கழற்றிய கவரில் இறக்க வேண்டும். கவரைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை உடனே முறுக்கிவிடாதீர்கள். லூசாக விட்டுப் புல்லியை உள்ளே தள்ளினால் கவர் தானாக நடுவுக்கு வரும். அதன்பிறகே முறுக்க வேண்டும். கவர் மயிரிழை விலகினாலும் உதடு ஒருபக்கமாகத் தேயும்.

இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல சீலைத் தாண்டியும் எண்ணெய் வெளியே வரும். கவரைக் கழற்றும் அன்றே அந்தக் குழாயையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.