பார்மட் அடித்தும் போகாத ஸ்பைவேர்: தவறு எங்கே?

கம்ப்யூட்டரில் ஸ்பைவேர் புகுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், நமக்குக் கிடைக்கும் முதல் யோசனை "பார்மட் அடித்துவிடுங்கள்" என்பதுதான். நல்ல யோசனைதான். ஆனால் எதனை பார்மட் செய்வது, அதற்கு முன் என்ன செய்வது, பின்னர் எதனை மீண்டும் உள்ளே விடுவது என்பதனை யாரும் சொல்வதில்லை. சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கும் நானே இதில் ஒரு முறை தவறு செய்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமா வீட்டில் நடந்தது

என் மாமா பணி ஓய்வு பெற்ற பின்னர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பேரக் குழந்தைகளின் போட்டோக்களைத் திருத்துவதற்காக, விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு புரோகிராமின் 'கிராக்' பதிப்பினைத் தெரிந்தவர் ஒருவரிடம் பென் டிரைவில் வாங்கி இன்ஸ்டால் செய்தார். சில நாட்களில் பிரவுசரின் ஹோம் பேஜ் தானாக மாறியது. வேறு ஏதோ ஊரிலிருந்து அவருடைய இமெயில் அக்கவுண்ட்டில் யாரோ நுழைந்ததாக எச்சரிக்கையும் வந்தது.

நான் சென்று முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். பின்னர் சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸ் பதித்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மாமா போன் செய்தார். "மாப்ளே, நான் பணம் கேட்டு மெயில் அனுப்பினேனாம். என்கூட வேலை பார்த்தவர் பதறிப் போய்க் கூப்பிடுகிறார்."

காரணங்கள் இரண்டு. பாஸ்வேர்டை நான் மாற்றியது ஸ்பைவேர் இருந்த அதே கம்ப்யூட்டரில். கீ போர்டில் தட்டுவதனை எல்லாம் பதிவு செய்து அனுப்பும் ஸ்பைவேர்கள் உண்டு. அப்படியானால் புதிய பாஸ்வேர்டும் திருடனுக்கே போயிருக்கும். இரண்டாவது, கிராக் புரோகிராமின் செட்டப் பைல் டி டிரைவில் பத்திரமாக இருந்தது. மாமா அதனை மீண்டும் இன்ஸ்டால் செய்திருந்தார். வீட்டைக் கழுவிவிட்டுத் திருடனை மறுபடியும் உள்ளே அழைத்தது போலத்தான்.

முதலில் சோதனை

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குவதாலேயே ஸ்பைவேர் என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்' பிரிவில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' கிளிக் செய்திடவும். அதில் 'ஆப்லைன் ஸ்கேன்' தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக இயங்கத் தொடங்கும் முன்னரே சோதனை நடக்கும். ஒளிந்திருக்கும் புரோகிராம்கள் பல இதில் சிக்கும். அதன் பின்னரும் சந்தேகம் தீரவில்லை என்றாலோ, அக்கவுண்ட்டில் அந்நியர் நுழைந்தது தெரிந்தாலோ, முழுமையாக அழிப்பதே நல்லது.

அழிக்கும் முன்

1. இன்டர்நெட் இணைப்பினைத் துண்டித்திடவும். வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் தர வேண்டும். புகார் கொடுக்கும் முன் எதனையும் அழிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள தடயங்களும் சேர்ந்தே அழிந்துவிடும்.

2. பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மாற்றிடவும். முதலில் இமெயில், பிறகு வங்கி. மற்ற அக்கவுண்ட்டுகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி இமெயிலுக்குத்தான் வருகிறது என்பதால் இந்த வரிசை முக்கியம். எல்லா சாதனங்களிலிருந்தும் 'சைன் அவுட்' செய்து, இரண்டு கட்டச் சோதனையையும் இயக்கிவிடவும்.

3. போட்டோ, வீடியோ, டாகுமெண்ட் ஆகியவற்றை மட்டும் பேக் அப் எடுத்திடவும். செட்டப் பைல்களும், இ.எக்ஸ்.இ., எம்.எஸ்.ஐ., பேட் என முடியும் பைல்களும் வேண்டாம். பைல் எக்ஸ்புளோரரில் துணைப் பெயர்கள் தெரியுமாறு செட் செய்து கொள்ளவும். இல்லாவிட்டால் போட்டோ போலத் தோன்றும் ஒரு பைல் உண்மையில் புரோகிராமாக இருக்கலாம்.

4. வைரஸ் இல்லாத வேறு ஒரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' டவுன்லோட் செய்து, குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென் டிரைவில் விண்டோஸ் 11 இன்ஸ்டால் பைல்களைப் பதிந்திடவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று முன்பே பார்த்துக் கொள்ளவும்.

அழிக்கும் போது

பேக் அப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றிவிடவும். பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்திடவும். புராடக்ட் கீ கேட்டால், 'கீ இல்லை' என்பதனைத் தேர்வு செய்யலாம். அதே கம்ப்யூட்டரில் முன்பு அதே எடிஷன் விண்டோஸ் டிஜிட்டல் லைசென்ஸில் இயங்கியிருந்தால், இன்டர்நெட்டில் இணைந்தவுடன் அது தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

எந்த இடத்தில் இன்ஸ்டால் செய்வது என்று பட்டியல் வரும்போதுதான் கவனம் தேவை. சி மட்டுமல்ல, அந்த ஹார்ட் டிஸ்க்கில் உள்ள டி, இ உட்பட அனைத்து பார்ட்டிஷன்களையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்திடவும். பென் டிரைவும் இந்தப் பட்டியலில் வரலாம். அளவினைப் பார்த்து அதனைத் தொடாமல் விடவும். இறுதியில் 'அன்அலகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி மிஞ்சும். அதில் விண்டோஸை இன்ஸ்டால் செய்திடவும்.

விண்டோஸில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால், 'கீப் மை பைல்ஸ்' வேண்டாம். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, எல்லா டிரைவ்களையும் அழிக்கும்படி செட் செய்திடவும்.

பலமுறை அழிக்க வேண்டுமா?

35 முறை மேலெழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இது 1996-ல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அழித்த தகவலை வேறொருவர் மீட்காமல் தடுப்பதே அதன் நோக்கம். ஸ்பைவேருக்கு இது தேவையில்லை. பார்ட்டிஷன் டெலீட் ஆன பின்னர் பழைய தகவல் டிஸ்க்கில் மிச்சம் இருந்தாலும், அதனை இயக்குவதற்கு எதுவும் இல்லை.

கம்ப்யூட்டரை விற்பதாக இருந்தால்தான் மேலெழுத வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் 'குவிக்' இல்லாத முழு பார்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின் வந்த பதிப்புகளும் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி.க்கு அந்தந்த நிறுவனம் தரும் 'செக்யூர் இரேஸ்' வசதியே சரி.

மதர்போர்டின் பேர்ம்வேரில் ஒளிந்து, டிஸ்க்கை மாற்றினாலும் போகாத புரோகிராம்களும் உண்டு. 2018-ல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இது மிக அரிது.

திரும்ப விடும்போது

முதலில் விண்டோஸ் அப்டேட்டினை முடித்திடவும். பின்னர் பேக் அப் டிஸ்க்கை ஸ்கேன் செய்து பைல்களைக் காப்பி செய்திடவும். புரோகிராம்களை அவற்றைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்திடவும். பிரவுசரில் லாக் இன் செய்தவுடன் 'சிங்க்' மூலம் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் திரும்ப வந்துவிடும். தெரியாதவற்றை நீக்கிவிடவும்.

மாமாவின் கம்ப்யூட்டரை இரண்டாம் முறை இப்படித்தான் சுத்தம் செய்தேன். கிராக் புரோகிராமிற்குப் பதிலாக, போட்டோ திருத்த இலவசமாகவே கிடைக்கும் 'ஜிம்ப்' போட்டுக் கொடுத்தேன். அந்தப் பழைய பென் டிரைவையும் மறக்காமல் கேட்டு வாங்கி அழித்தேன். உங்கள் மேஜை டிராயரிலும் அப்படி ஒன்று கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.