கால் நீக்கப்பட்ட பெரிய நாய்களின் பராமரிப்பு

ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி தாலூக்காக்களில் குடியானவர்கள் நாய் வளர்ப்பது பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக அன்று. ராகிக் கதிர் முற்றும் காலத்தில் காட்டுப் பன்றி வரவை அறிவிக்கவும், தக்காளிக் காட்டையும் ரோஜாத் தோட்டத்தையும் காக்கவும், கோழிப் பண்ணையில் இராக் காவல் இருக்கவும் நாயே துணை. ஓசூரைச் சூழ்ந்த சிப்காட் தொழிற்பேட்டைகளிலும், கன்னட நாட்டு எல்லையான ஜூஜூவாடி வரையுள்ள கிடங்குகளிலும் காவலாளியுடன் ஒரு நாயும் காவல் இருப்பதைக் காணலாம். இவ்வேலைகளுக்கு இராஜபாளையம், அல்சேஷன், லாப்ரடார் முதலிய பெரிய நாய்களையே பலர் விரும்புகின்றனர்.

இத்தகைய நாய்க்குக் கால் ஒன்றை நீக்க வேண்டும் என்று மிருக வைத்தியர் கூறும்போது, உடையவர் பெரிதும் கலங்குகிறார். மூன்று காலுள்ள நாய் எதற்கு உதவும், அவ்வளவு பாரத்தை அது எங்ஙனம் தாங்கும், அதனைத் துன்பமின்றிச் சாகச் செய்வதே தருமம் அன்றோ என்றெல்லாம் எண்ணுகிறார். சிலர் நாயை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. மற்ற மூன்று கால்களும் நலமாக இருக்குமாயின், கால் இழந்த நாய்களுள் மிகப் பெரும்பான்மையானவை ஏறக்குறைய ஒரு மாதத்தில் நன்றாக நடக்கவும் ஓடவும் கற்றுக்கொள்கின்றன. நெதர்லாந்தில் கால் நீக்கப்பட்ட நாய்களின் உடையவர்களை விசாரித்து 1999-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியும் இதனையே காட்டியது. அந்த ஒரு மாதத்தை, அதிலும் முதற் பதினான்கு நாட்களை, வீட்டார் எவ்விதம் கவனிக்கின்றனர் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் பலன் அமையும். அதற்கான முறைகளைக் கீழே காணலாம்.

கால் இழக்கும் காரணங்கள்

இப்பகுதியில் முதற்காரணம் மோட்டார் வாகனங்களே. பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 44-ஆம் எண் தேசீய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓய்வதில்லை. லாரி மோதிய நாயின் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கலாம். அல்லது எலும்பு முறியாமலே முன்னங்காலுக்குச் செல்லும் நரம்புகள் தோளடியில் அறுந்து போகலாம். நரம்பு அறுந்த கால் உணர்ச்சியற்றுத் தரையில் இழுபடும்; பாதத்தின் மேற்புறம் தேய்ந்து புண்ணாகும்; நாய் அதனைத் தானே கடித்துத் தின்னவும் முற்படும். சில வாரம் பார்த்தும் உணர்ச்சி திரும்பாவிடில் அக்காலை நீக்குவதே நலம்.

இரண்டாவது காரணம், காட்டோரங்களில் பன்றிக்கும் முயலுக்கும் வைக்கப்படும் கம்பிச் சுருக்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றமாகும். தளி, அஞ்செட்டி முதலிய இடங்களில் காட்டோரம் திரியும் நாய்க்கும் இச்சுருக்கினால் ஆபத்து உண்டு. கம்பி இறுகி இரத்த ஓட்டம் நின்றால் கால் அழுகிவிடும். முறிந்த காலில் மூங்கிற் பத்தையை வைத்து வீட்டிலேயே இறுகக் கட்டுவதாலும் இதே கேடு விளையும். நல்ல வைத்தியத்தால் காப்பாற்றியிருக்கக் கூடிய கால், கட்டின் இறுக்கத்தால் போய்விடுகிறது.

மூன்றாவது, எலும்புப் புற்றுநோய். இது பெரிய நாய்களுக்கே மிகுதியாக வருவது. அடி எதுவும் படாமல் நொண்டுவதும், மணிக்கட்டுக்குச் சற்று மேலோ, தோளருகிலோ, முழங்காலை ஒட்டியோ கெட்டியான வீக்கம் தோன்றுவதும் இதன் அடையாளங்கள். இந்நோயில் காலை நீக்குவது பொறுக்க முடியாத வலியைப் போக்குமே ஒழிய, நோயை முற்றும் ஒழிக்காது. சஸ்திர சிகிச்சை மட்டும் செய்த நாய்கள் பொதுவாக நான்கைந்து மாதமும், அதனுடன் புற்றுநோய் மருந்தும் பெற்றவை ஏறக்குறைய ஓர் ஆண்டும் உயிர் வாழ்கின்றன. உடையவர் இதனை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

அடிபட்டவுடன் செய்யத் தக்கவை

வலியில் துடிக்கும் நாய் எசமானனையும் கடிக்கும். ஆகையால் மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லாவிடில், மெல்லிய துணியால் வாயைக் கட்டிய பின்னரே அதனைத் தொட வேண்டும். இரத்தம் ஒழுகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருவர் சேர்ந்து பலகை அல்லது கெட்டியான சாக்கில் கிடத்தித் தூக்க வேண்டும். மயக்க மருந்து தர நேரிடுமாதலால் ஆகாரம் கொடுக்கலாகாது. 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ உதவியைப் பற்றி விசாரிக்கலாம். பெரிய சஸ்திர சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல்லில் உள்ள கல்லூரியும் உள்ளன. ஓசூர்ப் பக்கத்தாருக்கு எல்லை தாண்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூர், அதன் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியுடன், கிட்டியதாகும்.

வைத்தியர் செய்வது என்ன?

நாயின் காலைப் பாதத்தோடு மட்டும் நீக்கினால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். குறையாக விட்ட காலை நாய் தரையில் ஊன்ற முயலும்; அதன் முனை ஓயாமல் தேய்ந்து ஆறாத புண்ணாகும். செயற்கைக் கால் பொருத்தும் எண்ணம் இருந்தாலன்றி, முன்னங்காலைத் தோட்பட்டை எலும்புடனும், பின்னங்காலைத் தொடையின் மேற்பாகத்திலோ இடுப்பு மூட்டிலோ நீக்குவதே வழக்கம். முதல் முறை காணும்போது காயம் மிகப் பெரிதாகத் தோன்றும். அதனைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை.

சிகிச்சைக்கு முன் இரத்தப் பரிசோதனை அவசியம். நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணிகளால் பரவும் காய்ச்சல் சாதாரணமாக உண்டு. அந்நோயுள்ள நாய்க்கு இரத்தம் உறையும் சக்தி குறைந்திருக்கும். மற்ற மூன்று கால்களின் மூட்டுக்களையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டு கெட்ட நாய்க்கும், மிகப் பருத்த நாய்க்கும் இச்சிகிச்சை ஏற்றதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

படுக்கையும் தரையும்

நாய் வீடு திரும்புவதற்கு முன்பே இடத்தைச் சித்தப்படுத்த வேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லா கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. மெருகிட்ட கல் பாவிய வீடுகள் இங்கே ஏராளம். அத்தகைய தரை மூன்று கால் நாய்க்குப் பகையாகும். ஒரு முறை சறுக்கி விழுந்தால் தையல் பிரியலாம். நாயும் அஞ்சி எழ மறுக்கும். ஆகவே படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரையிலும், அங்கிருந்து வாசல் வரையிலும் தென்னை நார்ப் பாயோ, ரப்பர் விரிப்போ, சாக்கோ நகராதபடி விரிக்க வேண்டும். பாத நகங்களை வெட்டி, விரலிடுக்கு மயிரையும் கத்தரித்து விட்டால் பிடிப்பு உண்டாகும்.

வைக்கோலை அடைத்துத் தூய துணியால் மூடிய தடித்த மெத்தை படுக்கைக்கு ஏற்றது. ஓசூர்ப் பீடபூமியில் மார்கழி, தை மாதங்களில் குளிர் கடுமையாதலால் படுக்கை வீட்டிற்குள் இருத்தல் வேண்டும். தானே திரும்பிப் படுக்க இயலாத நாயை நான்கு மணிக்கு ஒரு முறை புரட்டி விடாவிடில் படுக்கைப் புண் உண்டாகும்.

காயத்தைக் காத்தல்

நாளைக்கு இருமுறை, கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு, காயத்தைப் பார்வையிட வேண்டும். முதல் சில நாட்கள் சிவப்பும், நீலம் பாரித்தலும், சிறு வீக்கமும் இருப்பது இயல்பே. முதல் இரண்டு மூன்று நாட்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிஷம் ஒற்றினால் வீக்கமும் வலியும் குறையும். காயத்தின் கீழ்ப்பாகத்தில் நீர் கோத்துப் பை போல் தொங்குவதும் உண்டு. பெரும்பாலும் அது தானே வற்றிவிடும். அதனை ஊசியால் குத்தி விடலாகாது; சீழ் புகும்.

தையலை நாய் நக்கவும் கடிக்கவும் இடம் கொடுக்கலாகாது. கழுத்தில் கூம்பு போன்ற வளையத்தை, தையல் எடுக்கும் வரையில், அதாவது பத்து முதல் பதினான்கு நாள் வரையில், கழற்றாமல் வைக்க வேண்டும். பாவம் என்று ஒரு மணி நேரம் கழற்றி விட்டால் முழுக் காயமும் திறந்துவிடக் கூடும். அதுவரை குளிப்பாட்டுதலும் கூடாது.

மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய், டர்ப்பண்டைன் தைலம் முதலியவற்றைத் தைத்த காயத்தில் இடுவது தீங்கு. வெளியில் கட்டிய நாயின் காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். ஈ அணுகாத அறையில் வைப்பதே இதற்குத் தக்க காப்பு. புழு காணப்பட்டால் உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வலி

நாய் வலியை வாய்விட்டுச் சொல்லாது. இளைப்பு வாங்குதல், உறங்காமை, ஓரிடத்தில் நிலை கொள்ளாமை, தொட்டால் உறுமுதல், ஆகாரம் மறுத்தல் ஆகியவையே அதன் மொழி. கால் நீங்கிய பின்னும் அறுபட்ட நரம்புகளிலிருந்து வலி எழக் கூடும். திடீரென்று வீறிட்டுக் காயத்தைத் திரும்பிப் பார்ப்பது இதனால் என்று கருதப்படுகிறது. இதற்குத் தனி மருந்து உண்டு. வைத்தியர் எழுதிய மருந்தை, நாய் தேறியதாகத் தோன்றினாலும், சொன்ன நாள் வரையில் வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். மனிதருக்கான பாரசிட்டமால், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை நாயின் ஈரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

ஆகாரம்

இப்பகுதியில் நாய்க்கு ராகிக் களியும் மோரும் கொடுப்பது வழக்கம். காயம் ஆறும் காலத்தில் அது மட்டும் போதாது; புதிய சதை வளர மாம்ச சத்து வேண்டும். வேக வைத்த முட்டையும், எலும்பு நீக்கிய கோழி இறைச்சியும் களியுடன் சேர்த்துச் சிறிது சிறிதாக நாளைக்கு மூன்று வேளை கொடுக்கலாம். மீந்த குழம்பை ஊற்றுதல் கூடாது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வேக வைத்த எலும்பும் ஆகாது. வலி மருந்தின் பயனாக மூன்று நான்கு நாள் மலம் கழியாதிருந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழியாவிடில் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

நடை பயிற்றல்

நாயின் பாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பங்கை முன்னங்கால்களும், நாற்பது பங்கைப் பின்னங்கால்களும் சுமக்கின்றன. ஆகையால் முன்னங்கால் இழந்த நாய் சமன் பெறச் சற்று அதிக நாள் ஆகும். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நிற்க முயலும். பெரிய நாய்க்குச் சிறிது தாமதமாகலாம். பின்னங்கால் இழந்த நாய்க்கு அடிவயிற்றின் கீழும், முன்னங்கால் இழந்த நாய்க்கு மார்பின் கீழும், நீளமாக மடித்த துண்டைக் கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்த வேண்டும். நாயைத் தூக்குதல் கூடாது. விழாமல் தாங்கினால் போதும். துண்டு காயத்தில் உராயலாகாது.

முதல் இரண்டு வாரம், மலஜலம் கழிக்க ஐந்து நிமிஷ நடை போதும். தையல் எடுத்த பின், நாளைக்கு மூன்று நான்கு முறை சிறு நடையாகத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். ஒரே நீண்ட நடையைவிடப் பல சிறு நடைகள் மேலானவை. படியேறுதலும், வண்டியிலிருந்து குதித்தலும் ஒரு மாதம் வரையில் கூடாது.

உடனே வைத்தியரை நாட வேண்டிய குறிகள்

ஈறு வெளுத்தல், காயத்திலிருந்து இரத்தம் சொட்டுதல், துர்நாற்றமுள்ள சீழ், தையல் பிரிதல், 103 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், முழு நாள் ஆகாரம் மறுத்தல், மூன்று நாளாகியும் எழ முயலாமை ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் காலம் தாழ்த்தலாகாது.

பிற்காலப் பாதுகாப்பு

மூன்று கால் நாய்க்குப் பெரும் பகை கொழுப்பே. மீந்திருக்கும் ஒவ்வொரு காலும் முன்னிலும் அதிகப் பாரம் சுமப்பதால், உடல் பருத்தால் மூட்டுக்கள் விரைவில் தேய்ந்துவிடும். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடில் களியைக் குறைக்க வேண்டும்.

தேறிய நாய் மீண்டும் காவல் வேலை செய்யக் கூடும். அதன் செவியும் மூக்கும் குரலும் குறையவில்லை. ஆயினும் பன்றியின் மேல் ஏவுதலும், காட்டோரத்தில் இரவில் அவிழ்த்து விடுதலும் இனி ஆகாது. யானை நடமாடும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில், குரைத்து யானையைச் சினமூட்டி எசமானனை நோக்கி ஓடி வரும் நாயால் இருவருக்குமே ஆபத்து உண்டு. அத்தகைய நாயை வேலிக்குள், களஞ்சியத்தருகே, கோழிப் பண்ணை வாசலில் வைத்துக்கொள்வதே தக்கது.

நாய் தன் குறையை எண்ணி வருந்தி நாளைக் கழிப்பதாகத் தெரியவில்லை. வலி நீங்கி, சறுக்காத தரையும் அளவான ஆகாரமும் கிடைத்தால், உள்ள கால்களைக் கொண்டு எழுந்து நிற்கவே அது முயல்கிறது. ஆண்டுக் கணக்காக உறக்கம் விழித்துக் காத்த ஜீவனுக்கு ஒரு மாதப் பணிவிடை செய்வது மிகையன்று. ஆகவே நாயைக் கைவிடவோ கொல்லவோ தீர்மானிக்கும் முன், மற்ற மூன்று கால்களின் நிலை என்ன என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெளிதல் ஒவ்வொரு வளர்ப்போரின் கடமையாகும்.