சாவிக்கு ஸ்பெயினில் ஓர் உறவு

மாணவர்களே! விருத்தாசலத்தில் செய்த பீங்கான் கோப்பை ஒன்றை மேசையிலிருந்து எடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறீர்கள். இந்தச் சிறு வேலைக்குள் இலத்தீன் வழிவந்த சொற்கள் நான்கு வந்துவிட்டன! (பீங்கான் மட்டும் பாரசீகச் சொல்.)

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து கோப்பை, மேசை, அலமாரி, சாவி ஆகிய சொற்களை நாம் பெற்றோம். போர்த்துக்கீசிய மொழி உரோமரின் இலத்தீனிலிருந்து பிறந்தது. அதன் உடன்பிறப்பே ஸ்பானியம். எனவே ஸ்பெயின் நாட்டுச் சிறுவனும் மேசையை 'மேசா' என்பான்; அலமாரியை 'அர்மாரியோ' என்பான். இலத்தீனில் இவை 'மென்சா', 'அர்மாரியம்'. 'அர்மா' என்றால் ஆயுதம், கருவி. அவற்றை வைக்கும் இடம் அர்மாரியம். நாமோ அதில் புடவை அடுக்குகிறோம்!

எல்லாச் சொற்களும் இப்படி ஒத்துவருவதில்லை. ஜன்னல் என்பது போர்த்துக்கீசிய 'ஜனேலா'. கதவைக் குறிக்கும் 'யானுவா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஸ்பானியரோ 'வென்தானா' என்கிறார்கள். இலத்தீனில் 'வென்துஸ்' என்றால் காற்று. பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்காமலே இரு சாராரும் காற்றை நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாவிக்கு ஸ்பானியத்தில் 'யாவே'. சாவியும் யாவேயும் உறவா? இலத்தீனில் சாவி 'க்ளாவிஸ்'. மற்றச் சொற்களையும் பாருங்கள். மழை இலத்தீனில் 'ப்ளூவியா', ஸ்பானியத்தில் 'யூவியா', போர்த்துக்கீசியத்தில் 'சூவா'. தீச்சுடர் 'ஃப்ளாமா', பிறகு 'யாமா', 'சாமா'. சொல்லின் முதலில் நின்ற க்ள, ப்ள, ஃப்ள ஒலிகள் ஸ்பானியத்தில் 'ய' ஆகவும், நம் நாட்டுக்கு வந்த போர்த்துக்கீசியர் வாயில் 'ச' ஆகவும் மாறின. பல சொற்களில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருவதால் இது தற்செயல் அன்று என்று துணியலாம்.

வெறும் ஒலி ஒப்புமையை நம்பினால் ஏமாறுவோம். ஆங்கில 'மச்', ஸ்பானிய 'முச்சோ' இரண்டுக்கும் 'மிகுதி' என்றே பொருள். ஆனாலும் உறவில்லை! முச்சோ இலத்தீன் 'முல்த்துஸ்' வழிவந்தது. 'மச்' பழைய ஆங்கிலச் சொல்.

இப்போது ஒரு கேள்வி. 'நிறைந்த' என்பதற்கு இலத்தீனில் 'ப்ளேனுஸ்'. ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் அது எந்தெந்த ஒலியில் தொடங்கும்? விடையை எழுதி வைத்துக்கொண்டு, நூலகத்தில் அகராதியைப் புரட்டிச் சரிபாருங்கள்.